ரீல் லட்சம் பேரிடம் போகிறது, எண்ணெய் ஏன் போகவில்லை?

கேள்வி: வெள்ளகோவில் பக்கம் கணவன் மனைவி இருவருமாக மரச்செக்கு எண்ணெய் ஆட்டி, சொந்தப் பெயரில் பாட்டிலில் அடைத்து விற்கிறோம். செக்கு ஓடுகிற ரீல் ஒன்றை இன்ஸ்டாகிராமில் லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். அதனால் வந்த ஆர்டரை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு ஏஜென்சி மாதம் 25,000 ரூபாய் கேட்கிறது. எங்கள் பிராண்டை வளர்க்க எந்தச் சோஷியல் மீடியாவை, வேறு எந்த விளம்பர வழிகளைப் பயன்படுத்தலாம்?

பதில்:

ஏஜென்சிக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த லட்சம் பார்வையைப் பேசிவிடுவோம், உங்கள் கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

ஒரு ரீலை யாருக்குக் காட்டுவது என்று இன்ஸ்டாகிராம் முடிவு செய்யும்போது, யார் அதைக் கடைசிவரை பார்ப்பார்கள், யார் இன்னொருவருக்கு அனுப்புவார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் கணிக்கிறது. யார் எண்ணெய் வாங்குவார்கள் என்று அது பார்ப்பதில்லை. வாகை மரச் செக்கு மெதுவாகச் சுற்றி, எண்ணெய் நூல் மாதிரி வழிவதைப் பார்ப்பது எல்லோருக்கும் பிடிக்கும். பாட்னாவில் இருக்கும் கல்லூரி மாணவருக்கும் பிடிக்கும், துபாயில் இருப்பவருக்கும் பிடிக்கும். அவர்கள் லைக் போட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். அந்த ரீலில் ஊர் பெயர் இருந்ததா, விலை இருந்ததா, எப்படி வாங்குவது என்று சொன்னீர்களா? இல்லையென்றால் அது செக்கைப் பற்றிய வீடியோவாக மட்டும் நின்றுவிட்டது. உங்கள் எண்ணெயின் விளம்பரமாக ஆகவில்லை.

எண்ணெய்க்கு இன்னொரு சிக்கல் எடை. ஒரு லிட்டர் பாட்டிலைச் சென்னைக்கோ பெங்களூருக்கோ கூரியரில் அனுப்பினால், பேக்கிங்கும் அனுப்பும் செலவும் சேர்ந்து உங்கள் லாபத்தை விழுங்கிவிடும். வழியில் உடைந்தால் பாட்டிலின் முழு விலையும் போச்சு. அதனால் உங்கள் சந்தை என்பது இன்ஸ்டாகிராம் காட்டும் உலகம் இல்லை. வண்டியில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய திருப்பூர், ஈரோடு, கரூர், கோயம்புத்தூர்தான். இந்த நான்கு ஊர்களிலும் சேர்த்து ஐந்நூறு குடும்பங்கள் மாதாமாதம் வாங்கினாலே உங்கள் செக்குக்கு ஓய்வு இருக்காது. குறிவைக்க வேண்டியது அந்த ஐந்நூறு குடும்பங்களை.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக மட்டும், உங்கள் எண்களைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாச் செலவும் போக ஒரு லிட்டருக்கு 60 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் செய்து ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்க 150 ரூபாய் ஆகிறது. அவர் ஒரு லிட்டர் வாங்கிவிட்டுத் திரும்பி வரவே இல்லையென்றால் 90 ரூபாய் நஷ்டம். அவரே அடுத்த 11 மாதங்களுக்கு மாதம் 2 லிட்டர் வாங்கினால் 22 லிட்டர், 1,320 ரூபாய். அதே விளம்பரம், அதே 150 ரூபாய். முதல் பாட்டில் தீர்ந்தபோது அவர் உங்களை நினைத்தாரா, தெருமுனை மளிகைக் கடைக்குப் போனாரா என்பதில்தான் எல்லா வித்தியாசமும். எண்ணெய், மசாலா, காபித்தூள், சோப்பு என்று தீர்ந்தால் திரும்ப வாங்குகிற எந்தப் பொருளுக்கும் பிராண்ட் என்பது இரண்டாவது தடவை வாங்குவதில்தான் பிறக்கிறது. ரீல், விளம்பரம், பிரபலங்கள் எல்லாம் முதல் தடவைக்கு ஆள் கூட்டி வருகிற வேலையை மட்டும் செய்யும்.

ஆகவே நீங்கள் தொடங்க வேண்டிய இடம் வாட்ஸ்அப். கடந்த ஒரு வருடத்தில் உங்களிடம் வாங்கியவர்கள் யார் யார் என்று ஒரு நோட்டிலோ எக்செலிலோ எழுதுங்கள். பெயர், ஊர், என்ன எண்ணெய், எத்தனை லிட்டர், எந்தத் தேதி, எப்படி நம்மைத் தெரிந்துகொண்டார். இந்தக் கடைசிக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், பின்னால் பெரிய உதவி. பிறகு உங்கள் எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலிருந்து வாட்ஸ்அப் பிசினஸ் செயலிக்கு மாற்றுங்கள். இலவசம்தான். அதில் கேட்டலாக் வைத்து எண்ணெய் வகை, அளவு, விலை எல்லாம் படத்தோடு போடலாம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் லேபிள் ஒட்டலாம்: புதியவர், மாதாமாதம் வாங்குபவர், இரண்டு மாதமாக வராதவர் என்று. இந்த மூன்றாவது லேபிளில் இருப்பவர்களுக்குப் போன் செய்து, எண்ணெய் எப்படி இருந்தது என்று மட்டும் கேளுங்கள். விற்கப் பேசாதீர்கள். எந்தச் சந்தை ஆய்வும் தராத பதில் அங்கே கிடைக்கும்.

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்ப வாட்ஸ்அப்பில் இருக்கும் பிராட்காஸ்ட் லிஸ்ட் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு லிஸ்டில் 256 பேர்வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போகும். நீங்கள் 200 பேருக்கு அனுப்பியதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், 40 பேருக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் முதல் டெலிவரியின்போதே, ‘இந்த நம்பரைச் சேவ் பண்ணி வெச்சுக்கோங்க, புதுசா எண்ணெய் ஆட்டும்போது சொல்றோம்’ என்று வாயால் சொல்லுங்கள். பாட்டிலோடு ஒரு சின்னச் சீட்டும் வையுங்கள். அவர்கள் எண்ணை நீங்களும் சேமித்திருந்தால் உங்கள் ஸ்டேட்டஸும் அவர்களுக்குத் தெரியும். காலையில் நிலக்கடலைப் பருப்பு மூட்டை வந்து இறங்கியது, மதியம் எள் ஆட்டுகிறோம், இன்று வெயிலில் தெளிய வைத்திருக்கிறோம் என்று தினமும் ஒரு படம் போதும். யாரையும் கேட்காமல் குரூப்பில் சேர்க்காதீர்கள். அது கோபத்தைத்தான் கிளப்பும்.

மாதம் இரண்டு லிட்டர் வாங்கும் வீட்டுக்கு 25ஆம் நாள் ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘எண்ணெய் தீர்ந்திருக்குமே, வெள்ளிக்கிழமை ஈரோடு பக்கம் வண்டி வருது, எடுத்து வரட்டுங்களா?’ ஒரு வாரத்தில் ஒரு ஊருக்கு ஒரு நாள் என்று டெலிவரியை முறைப்படுத்தினால் பெட்ரோலும் மிச்சம், சொல்வதற்கு ஒரு காரணமும் கிடைக்கும். இந்த ஒரு செய்தி கொண்டுவரும் விற்பனையை உங்கள் ரீல் எதுவும் கொண்டுவராது என்று உறுதியாகச் சொல்வேன்.

இந்த நோட்டை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அதில் லட்சக்கணக்கான ஃபாலோயர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் மறுநாள் தொடர்புகொள்ள ஒரு ஆள் இல்லாமல் நின்றார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து உலகம் முழுக்கச் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோயின. ஃபாலோயர் என்பவர் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர். போன் எண்ணும் முகவரியும் உங்கள் நோட்டில் இருந்தால்தான் அவர் உங்கள் வாடிக்கையாளர்.

அடுத்தது கூகுள். பிசினஸ் புரொஃபைல் என்ற இலவசப் பதிவு இருக்கிறது, முன்பு கூகுள் மை பிசினஸ் என்று அழைத்தார்கள். திருப்பூரில் ஒருவர் ‘மரச்செக்கு எண்ணெய்’ என்று தேடுகிறார் என்றால் வாங்கும் எண்ணத்தோடுதான் தேடுகிறார். ரீல் பார்க்கிற ஆயிரம் பேரைவிட இந்த ஒருவர் உங்களுக்கு முக்கியம். செக்கு இருக்கும் இடத்தை வரைபடத்தில் சரியாகக் குறியுங்கள், வேலை நேரம், போன் எண், வாசல் படம், செக்கின் படம் எல்லாம் சேருங்கள். திருப்தியாக இருக்கிறது என்று சொல்லும் வாடிக்கையாளரிடம் அதையே இரண்டு வரியாக அங்கே எழுதச் சொல்லுங்கள், தமிழிலேயே எழுதட்டும். காசு கொடுத்து ஐந்து நட்சத்திரம் வாங்கித் தருகிறேன் என்று வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒரே வாரத்தில் வந்த முப்பது பாராட்டுகளை எந்த இல்லத்தரசியும் நம்ப மாட்டார், கூகுளும் நீக்கிவிடும். குறை சொல்லி யாராவது எழுதினால் அதற்கும் பொறுமையாகப் பதில் போடுங்கள். புதிதாக வருபவர் முதலில் படிப்பது அந்தக் குறையையும் உங்கள் பதிலையும்தான்.

இனி வீடியோக்களுக்கு வருவோம். ரீல்ஸை விட்டுவிடச் சொல்லவில்லை, அதில் என்ன காட்டுவது என்பதை மாற்றச் சொல்கிறேன். மரச்செக்கு எண்ணெய் வாங்க நினைப்பவரின் மனதில் இருப்பது ஆசையைவிட அதிகமாகச் சந்தேகம். ‘நிஜமாவே செக்குல ஆட்டினதா? கடையில வாங்கி ஊத்திக் குடுக்குறாங்களா? ஏன் இவ்வளவு விலை?’ இந்தச் சந்தேகங்களைத் தீர்க்கிற ஒவ்வொரு வீடியோவும் விற்கும். அழகாக மட்டும் இருக்கிற வீடியோவுக்கு லைக்தான் விழும்.

விலையிலிருந்து தொடங்குங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டேகால் கிலோ பருப்பு வேண்டியிருக்கும். உங்கள் செக்கில் சரியாக எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பருப்பைத் தராசில் வைத்துக் காட்டுங்கள், அன்றைய விலையைச் சொல்லுங்கள், ஆட்டுக்கூலி, பாட்டில், வண்டி எல்லாம் சொல்லுங்கள், புண்ணாக்கு விற்றால் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பருப்பின் விலைக்கும் கீழே ‘செக்கு எண்ணெய்’ விற்கிறவர்களைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பார்ப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார். என் கணிப்பில் நீங்கள் எடுக்கக்கூடிய ஆகச் சிறந்த வீடியோ இதுதான், இதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது விலையோடு திரும்ப எடுக்கலாம்.

அப்புறம், உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு வீடியோ. கடலை எண்ணெயைச் சூடாக்கினால் ஏன் நுரைக்கிறது, கெட்டுவிட்டதா? மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டதே, என்ன கலந்தீர்கள்? நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி ஏன் போடுகிறீர்கள்? பாட்டில் அடியில் ஏதோ படிந்திருக்கிறதே, அழுக்கா? ஒரு லிட்டர் என்று போட்டிருக்கிறது, தராசில் வைத்தால் 910 கிராம்தான் வருகிறதே, ஏமாற்றுகிறீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி கேட்டு ஒரு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனால் திரும்ப மாட்டார். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, அதனால் ஒரு லிட்டர் ஒரு கிலோ எடை இருக்காது என்று தராசை வைத்துக் காட்டினால், அவர் அந்த வீடியோவைத் தன் குடும்பக் குரூப்பில் போடுவார். குடும்பக் குரூப்பில் ஒரு அக்காவோ அத்தையோ ‘நாங்க இங்கதான் வாங்குறோம்’ என்று போடுகிற ஒரு வரிக்கு ஈடான விளம்பரம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

முகத்தைக் காட்டுங்கள். இரண்டு பேரில் யார் இயல்பாகப் பேசுவீர்களோ அவர் பேசட்டும். தமிழ்நாட்டில் கடைக்காரரின் முகமே பிராண்டாக ஆனதற்குப் பழைய வரலாறு இருக்கிறது. வசந்த் அன் கோவின் விளம்பரங்களில் நிறுவனர் எச். வசந்தகுமார் தாமே வந்து நின்றார். ஊரெல்லாம் அந்தச் சிரிப்பைத் தெரிந்துகொண்டது. பொருளில் குறை என்றால் யாரைக் கேட்பது என்பது தெரிந்துவிட்டாலே வாங்குபவருக்குப் பாதி பயம் போய்விடும். உங்கள் கொங்குத் தமிழிலேயே பேசுங்கள். டிவி அறிவிப்பாளர் மாதிரி மாற்றிப் பேசினால் உங்களிடம் இருக்கிற ஒரே தனித்தன்மையும் போய்விடும். விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. செக்குச் சத்தம் குரலை மூழ்கடிக்காமல் இருக்க, சட்டையில் மாட்டும் சின்ன மைக் ஒன்று வாங்குங்கள். அது போதும்.

எங்கே போடுவது என்றால், ஒரே வீடியோவை இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் ஷார்ட்ஸ் மூன்றிலும் போடலாம், கூடுதல் செலவில்லை. ஆனால் ஐந்தாறு நிமிடம் ஓடுகிற விளக்க வீடியோக்களுக்கு யூடியூப்தான் இடம். இன்ஸ்டாகிராமில் போடுவது பெரும்பாலும் சில நாட்களில் கண்ணில் படாமல் போய்விடும். யூடியூபில் ‘தேங்காய் எண்ணெய் ஏன் உறைகிறது’ என்று இரண்டு வருடம் கழித்து ஒருவர் தேடினாலும் நீங்கள் வந்து நிற்பீர்கள். ஃபேஸ்புக்கை இளைஞர்கள் விட்டுவிட்டார்கள் என்று சொல்லி ஒதுக்காதீர்கள். வீட்டுக்கு எந்த எண்ணெய் வாங்குவது என்று முடிவு செய்கிற நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். எக்ஸ், லிங்க்ட்இன் எல்லாம் உங்களுக்கு வேண்டாம். வாரம் இரண்டு வீடியோ தவறாமல் வந்தால் போதும்.

இதோடு போனை விட்டு வெளியேயும் வர வேண்டும். எண்ணெயின் வாசனையைத் திரையில் காட்ட முடியாது, அதனால் முதல் தடவை இலவசமாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். இதில் நம் ஊரிலேயே பெரிய பாடம் ஒன்று உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்ற முன்னோடி. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கிய தொழில்தான் சிக் ஷாம்பு. பின்னாளில் அது கவின்கேர் ஆனது. பெரிய கம்பெனிகள் நகரத்துப் பெண்களுக்காக டிவியில் செலவு செய்துகொண்டிருந்தபோது, சிக் ஆட்கள் கிராமங்களுக்குப் போய், கூட்டத்தின் நடுவில் ஒரு பையனை உட்கார வைத்துத் தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். எந்த கம்பெனியின் காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். ஓரளவு பழகிய பிறகு, சிக் காலிப் பாக்கெட்டுகளுக்கு மட்டும்தான் இலவசம் என்று மாற்றினார்கள். இந்த இரண்டாவது அடிதான் எனக்கு வியப்பு. முதல் திட்டம் ஒரு தடவை பயன்படுத்த வைத்தது, இரண்டாவது திட்டம் மறுபடி வாங்க வைத்தது. மேலே சொன்ன 150 ரூபாய்க் கணக்கை அவர்கள் இன்டர்நெட் வருவதற்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள்.

உங்களுக்குப் பொருந்துகிற மாதிரி இதைச் செய்யலாம். எண்ணெயை 100 மில்லி பாட்டிலிலும் அடையுங்கள். கோயம்புத்தூர், திருப்பூர் அடுக்ககங்களில் சங்கத்தின் அனுமதி வாங்கி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மேசை போடுங்கள். ஒரு சின்ன அடுப்பு வைத்து, உங்கள் நல்லெண்ணெயில் இட்லிப் பொடி குழைத்து, சூடான இட்லியோடு கொடுங்கள். கல்யாணம், வளைகாப்பு வீடுகளில் தாம்பூலப் பையில் 100 மில்லி நல்லெண்ணெய் பாட்டில் வைத்துத் தருகிற ஆர்டரைத் தேடிப் பிடியுங்கள். ஒரு கல்யாணத்தில் முந்நூறு வீட்டுச் சமையலறைக்குள் உங்கள் பெயர் போய்விடும், அதற்குக் காசும் கிடைக்கும். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த லிட்டருக்கு 10 ரூபாய் குறைப்பு என்று வையுங்கள். அந்தப் பாட்டில் அவர்கள் வீட்டில் இருக்கும்வரை உங்களை ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும்.

காசு கொடுத்துப் போடும் விளம்பரம் இவற்றுக்கெல்லாம் பிறகுதான். திரும்ப வாங்குபவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் நோட்டு சொல்லத் தொடங்கிய பின் அதைத் தொடங்குங்கள். பத்துப் புதியவர்களில் நாலைந்து பேராவது மறுபடி வாங்குகிறார்கள் என்றால் விளம்பரத்தில் பணம் போடலாம். ஒருவர், இருவர்தான் என்றால் விளம்பரத்தை விட்டுவிட்டு எண்ணெயையும் டெலிவரியையும் பாருங்கள். இன்ஸ்டாகிராம் பதிவின் கீழே இருக்கும் ‘பூஸ்ட்’ பொத்தானை அழுத்துவதைவிட ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் ஆட்ஸ் மேனேஜர் என்ற விளம்பரப் பக்கத்துக்குப் போய், அழுத்தினால் நேராக உங்கள் வாட்ஸ்அப்பைத் திறக்கிற வகை விளம்பரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஊர்களை மட்டும் குறுக்கிக்கொள்ளுங்கள், வயது, விருப்பம் என்று நுணுக்கி நுணுக்கிப் பிரிக்க வேண்டாம். தினம் 200, 300 ரூபாயில் இரண்டு வாரம் ஓடட்டும். மூன்றாம் நாளே பலன் இல்லை என்று மாற்றினால் மெட்டாவின் கணினி யாருக்குக் காட்டுவது என்று கற்றுக்கொள்ளவே முடியாது. அந்தத் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எத்தனை பேர் ‘விலை என்ன’ என்று கேட்டார்கள் என்பதை விடுங்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதால் செலவை வகுத்துப் பாருங்கள். விலையை விளம்பரத்திலேயே போட்டுவிட்டால் வெறும் விசாரணைகள் பாதியாகக் குறையும்.

யூடியூபர்கள், இன்ஸ்டா பிரபலங்கள் பற்றியும் கேட்பீர்கள். பத்து லட்சம் ஃபாலோயர் வைத்திருப்பவரைவிட, ஈரோட்டில் பத்தாயிரம் பேருக்குச் சமைத்துக் காட்டும் ஒரு பெண்மணி உங்களுக்குப் பயன்படுவார். முதலில் எண்ணெயைக் கொடுங்கள், ஒரு மாதம் சமைக்கட்டும், பிடித்தால் பேசட்டும். பணமோ இலவசப் பொருளோ கொடுத்திருந்தால் அது விளம்பரம் என்று வீடியோவில் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021இலேயே இதற்கு விதிமுறை கொண்டுவந்தது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் தவறான விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய்வரை, அதன் பிறகு 50 லட்சம்வரை அபராதம் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இதோடு ஒட்டிய ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உணவு எண்ணெய் லேபிளில் ‘கொழுப்பைக் கரைக்கும்’, ‘இதயத்துக்கு இதமானது’ என்கிற மாதிரியான சொற்கள் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. சர்க்கரை நோய் தீரும், மூட்டுவலி போகும் என்று விளம்பரம் செய்வது அதைவிடப் பெரிய தவறு. 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் அதைத் தடுக்கிறது. செக்கு எண்ணெய் விற்பவர்கள் பலர் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளை அப்படியே பாட்டிலில் அச்சடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நோயோடு இருக்கும் ஒருவர் அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு? உங்கள் எண்ணெயில் சொல்வதற்கு உண்மைகளே நிறைய இருக்கின்றன: எந்த ஊர்க் கடலை, எந்தத் தேதியில் ஆட்டியது, என்ன கலக்கவில்லை. என்ஏபிஎல் என்ற தேசிய ஆய்வக அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பரிசோதித்து, அந்த அறிக்கையைப் பாட்டிலில் இருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் பார்க்கும்படி வையுங்கள். எந்த மருத்துவப் பெருமையையும்விட அது நம்பவைக்கும். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், எம்ஆர்பி, நிகர அளவு, பேக் செய்த தேதி, உங்கள் முகவரி, புகார் சொல்ல எண் எல்லாம் 100 மில்லி பாட்டிலிலும் இருக்க வேண்டும்.

பெயரையும் பாதுகாத்துவிடுங்கள். ‘இயற்கை’, ‘பாரம்பரியம்’, ‘நாட்டு’ என்ற பொதுச் சொற்களை மட்டும் வைத்திருந்தால் அது யாருடைய பெயராகவும் நிற்காது, தேடினால் நாற்பது பேர் வருவார்கள். உங்களுக்கென்று ஒரு பெயர் இருந்தால் டிரேட்மார்க்குக்கு விண்ணப்பியுங்கள். உணவு எண்ணெய் 29ஆம் வகுப்பில் வரும். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவு 10 ஆண்டுகளுக்கு நிற்கும், பிறகு புதுப்பிக்கலாம். இன்ஸ்டாகிராம், யூடியூப், கூகுள், பாட்டில் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் அந்தப் பெயர் இருக்கட்டும். பெங்களூருக்கு விற்கும் எண்ணம் வந்தால், மாநிலம் தாண்டிப் பொருள் விற்க ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பதை முன்கூட்டியே ஆடிட்டரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

சரி, ஏஜென்சி. மாதம் 25,000 என்றால் லிட்டருக்கு 60 ரூபாய்க் கணக்கில் அவர்கள் கட்டணத்துக்கு மட்டுமே 417 லிட்டர் கூடுதலாக விற்க வேண்டும். இப்போதைக்கு அதில் ஒரு பங்கைக் கொண்டு, உள்ளூரில் வீடியோ எடிட் செய்யத் தெரிந்த ஒரு பையனையோ பெண்ணையோ பகுதி நேரமாக வையுங்கள். செக்குக்கு நேரில் வந்து போகிறவராக இருக்க வேண்டும். அது அவருக்கும் ஒரு வேலை. நோட்டில் முந்நூறு பேர் சேர்ந்து, நீங்கள் இருவரும் சமாளிக்க முடியாத நிலை வந்தால் ஏஜென்சியிடம் போங்கள். அப்போதும் பக்கங்களும் விளம்பரக் கணக்கும் உங்கள் பெயரில், உங்கள் போன் எண்ணில், இரட்டைச் சரிபார்ப்போடு (பாஸ்வேர்டுக்கு மேல் போனுக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் முறை) இருக்க வேண்டும். அவர்களுக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் கொடுங்கள். எடுத்த வீடியோக்களின் மூலப் பிரதி உங்களிடம் வர வேண்டும். மாத அறிக்கையில் பார்வை, லைக் எண்ணிக்கைக்கு முன்னால், எத்தனை புது ஆர்டர், ஒரு ஆர்டருக்கு என்ன செலவு என்பது இருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஒப்புக்கொண்டு எழுதித் தருபவர்களிடமும் ஒரு வருட ஒப்பந்தம் போடாதீர்கள், ஆடியில் தொடங்கித் தீபாவளிவரை மட்டும் பேசுங்கள். பலகாரம் சுட எல்லா வீடுகளும் எண்ணெய் வாங்குகிற காலம் அது. அப்போது புதிதாக வந்தவர்களில் எத்தனை பேர் கார்த்திகையிலும் மார்கழியிலும் உங்களிடம் திரும்ப வாங்கினார்கள் என்று நோட்டைப் பார்த்துவிட்டு, தையில் புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.